டோன் கண்ட்ரோல் போர்டு செய்த அனுபவம்: குமிழ் நடுவில் இருந்தும் பேஸ் அதிர்ந்தது

வணக்கம் நண்பர்களே. பேஸ் (கனத்த சத்தம்), ட்ரெபிள் (கூர்மையான சத்தம்) இரண்டையும் கூட்டிக் குறைக்கும் டோன் போர்டு சொந்தமாகச் செய்தவர்கள் பட்டதை எழுதினால் புதிதாக வருபவர்களுக்கு உதவும். நான் தொடங்கி வைக்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

அப்பாவின் பழைய அசெம்பிள் செட்டில் ஆம்ப்ளிஃபயர் நன்றாகவே ஓடியது, டோன் போர்டு மட்டும் போயிருந்தது. ஐசி இல்லாத, தானாக எதையும் பெருக்காத பாஸிவ் சர்க்யூட்டே போதும் என்று நினைத்தேன். 10கே, 1கே ரெசிஸ்டர் (கே என்றால் ஆயிரம் ஓம்), சில மைலார் கெப்பாசிட்டர், குமிழ் மாட்டும் 100கே டபுள் கண்ட்ரோல் இரண்டு, அவ்வளவுதான் சாமான். சென்னை ரிச்சி தெருவில் கண்ட்ரோல் கேட்டபோது கடைக்காரர் "ஏ-வா, பி-யா சார்?" என்றார். எனக்கு அப்போது வித்தியாசம் தெரியாது, பி வாங்கி வந்துவிட்டேன்.

பாட்டுப் போட்டேன். பேஸ் குமிழ் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. குறைக்கத் திருப்பினால் பாதித் தூரம் வரை பெரிய மாற்றமே இல்லை, கடைசியில் எட்டு மணி முள் இருக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் பாட்டு பாட்டாகக் கேட்டது, அதற்கும் கீழே விரல் நகம் அளவு திருப்பினால் பேஸ் மொத்தமாகக் காணாமல் போனது. கெப்பாசிட்டரைத்தான் சந்தேகப்பட்டு மூன்று முறை மாற்றினேன்.

காரணம் கணக்கில் இருந்தது. இந்த சர்க்யூட்டில் 10கே மேலே, 1கே கீழே, அதாவது பத்துக்கு ஒன்று. கண்ட்ரோலும் ஏறக்குறைய மேலே 90கே, கீழே 10கே என்று பிரிந்தால்தான் பேஸ் ஏறாமல் இறங்காமல் சமமாக நிற்கும். லாக் கண்ட்ரோல் (திருப்பும் அளவுக்குச் சமமாக எதிர்ப்பு மாறாதது) நடு இடத்தில் ஏறக்குறைய அப்படித்தான் பிரியும். நான் வாங்கிய பி லீனியர், திருப்பும் அளவுக்குச் சமமாக மாறும், நடுவில் 50க்கு 50. அந்த இடத்தில் பேஸ் 13 டெசிபல் ஏறி நின்றது. இப்போது கடைகளில் வரும் ஆசிய கண்ட்ரோல்களில் ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். பழைய ஐரோப்பிய சாமானில் ஏ என்பதே லீனியராக இருக்கும், அதனால் எழுத்தை நம்பாமல் குமிழை நடுவில் வைத்து நடுக்காலுக்கும் இரண்டு ஓரக்காலுக்கும் மீட்டரில் அளந்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

லாக் மாற்றியதும் அது சரியானது. அடுத்தது இரைச்சல். பாஸிவ் சர்க்யூட் சமநிலையிலேயே 20 டெசிபல் தின்றுவிடும், போனிலிருந்து 300 மில்லிவோல்ட் போனால் 30 தான் வெளியே வரும். அதைத் திரும்பப் பத்து மடங்கு பெருக்கும்போது 'உஸ்' என்ற சத்தமும் சேர்ந்து பெருகியது. ராத்திரியில் பாட்டு நின்ற பிறகும் அது மட்டும் கேட்கும். எனக்கு அது பொறுக்கவில்லை.

அப்புறம்தான் பாக்ஸாண்டால் சர்க்யூட்டுக்கு வந்தேன். பீட்டர் பாக்ஸாண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்டது. டோன் பாகங்களை ஆம்ப்ளிஃபயரின் நெகட்டிவ் ஃபீட்பேக்குக்குள்ளேயே (வெளியே வருவதில் ஒரு பங்கை எதிராகத் திரும்ப உள்ளே கொடுக்கும் பாதை) வைத்துவிட்டார். குமிழ் நடுவில் இருக்கும்போது இரண்டு பக்கமும் சமம், போனது அப்படியே வரும், இழப்பு இல்லை. இதற்கு லீனியர் கண்ட்ரோல்தான் வேண்டும், வீணாகக் கிடந்த பி100கே இரண்டும் வேலைக்கு வந்தன. ஐசி 4558 போட்டேன், பிறகு 5532. ஒற்றை ஐசியான 5534 போடுகிறவர்கள் 5, 8 கால்களுக்கு இடையில் 22 பைக்கோ ஃபாரட் வையுங்கள், இல்லாவிட்டால் ஆசிலேட் ஆகும், அதாவது தானாகவே அலை எழுப்பத் தொடங்கும்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. பேஸை ஏற்றினால் ஆண் குரல் பானைக்குள் இருந்து பாடுவது போல் ஆகிறது. பேஸ் கண்ட்ரோலின் இரண்டு ஓரத்திலும் 10கே, கெப்பாசிட்டர் 47 நானோ. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

———

அண்ணே, அந்த 10கே-தான். 100கே-யும் 10கே-யும் சேர்ந்தால் 11 மடங்கு, கிட்டத்தட்ட 21 டெசிபல், வீட்டு செட்டுக்கு அது ரொம்ப அதிகம். அதைவிட, ஏற்றம் 370 ஹெர்ட்ஸிலேயே ஆரம்பித்துவிடும், குரல் இருக்கிற இடம் அது. 33கே போட்டுப் பாருங்கள். உச்சம் 12 டெசிபலுக்கு இறங்கும், ஆரம்பமும் 136க்குப் போய்விடும்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். 50கே வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை நேராக பாக்ஸாண்டாலில் கொடுத்துவிட்டேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் ட்ரெபிளும் மாறியது, நடுவில் வைத்தாலும் மங்கல். அந்த நடுக்காலில் இருந்து 12.5கே வரை எதிர்ப்பு வந்து சேருகிறது, டோன் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். இடையில் 4558-இன் இன்னொரு பாதியை பஃபராக (முன்னால் உள்ள எதிர்ப்பு பின்னால் தெரியாமல் தடுப்பது) போட்டதும் அன்றைக்கே தீர்ந்தது. 4558-க்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர் இருப்பதே இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

———

நான் மைக் செட் வைத்திருக்கிறேன், என் அனுபவம் செலவு வைத்தது. கோயில் விழாவில் யாரோ பேஸ் குமிழை முழுவதும் திருப்பிவிட்டார்கள். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் வெளியே வராது, ஆனால் அந்தப் பவர் முழுவதும் குழாயின் பின்னால் இருக்கும் யூனிட்டுக்குள் போகும். 12 டெசிபல் என்றால் பவரில் 16 மடங்கு. காலையில் நாலு யூனிட்டில் டயாபிரம் (அதிரும் மெல்லிய தகடு) போயிருந்தது. இப்போது குழாய்க்குப் போகும் ஆம்ப்ளிஃபயரின் 47கே இன்புட்டில் 0.01 மைக்ரோ ஃபாரட் தொடராக வைத்துவிட்டேன், 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே தானாகக் குறையும். அதற்குப் பிறகு யார் எதைத் திருப்பினாலும் யூனிட் போகவில்லை.

———

தம்பி, 33கே நேற்று ராத்திரியே போட்டேன். குரல் தெளிந்துவிட்டது, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் தனியாகக் கனத்துக் கேட்கிறது, இவ்வளவு நாள் எனக்கு வேண்டியிருந்தது இதுதான். ரொம்ப நன்றி. ட்ரெபிளில் இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் கூர்மை. அங்கே அவசரத்துக்கு ஒரு பக்கம் டிஸ்க் செராமிக் போட்டிருந்தேன். கழற்றி இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.