கூட வேலை செய்பவர் அடித்துவிட்டார், மேனேஜர் கையெழுத்து கேட்கிறார். உடனே பதில் வேண்டும்

புதுவரவு:
வணக்கம். நான் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நேற்று நைட் ஷிப்டில் கூட வேலை செய்பவர் என்னைக் கன்னத்தில் அறைந்து, பிடித்துத் தள்ளிவிட்டார். சுவரில் மோதியதில் தோளைத் தூக்க முடியவில்லை. காலையில் மேனேஜர் கூப்பிட்டு, 'எங்கள் இருவருக்கும் வாக்குவாதம், இப்போது சமாதானமாகிவிட்டோம்' என்று டைப் செய்து வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். நாளைக்குள் வேண்டுமாம். விசா கம்பெனி கொடுத்தது. போலீசுக்குப் போனால் விசா போய்விடுமா? வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பாலைக்காற்று:
தம்பி, போலீஸ் பக்கமே போகாதே. வளைகுடாவில் எங்கள் கேம்பில் இதே மாதிரி நடந்தது. அடி வாங்கியவன் புகார் கொடுத்தான், அடித்தவன் பதிலுக்கு ஒரு புகார் கொடுத்தான். வழக்கு முடியும்வரை இருவரும் ஊருக்குப் போக முடியவில்லை. நான் வந்த புதிதில் பட்டதைச் சொன்னால் நம்ப மாட்டாய். பாஸ்போர்ட் கம்பெனி கையில், சம்பளம் எப்போது வரும் என்று தெரியாது, ஒரே அறையில் அத்தனை பேர். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். நீயும் இரு.

தீவுவாசி:
அண்ணா, மன்னிக்கணும், இந்த அறிவுரை ஆபத்தானது. பொறுத்துப் போனால் அடுத்த அடி நிச்சயம். சிங்கப்பூரில் இது தண்டனைச் சட்டம் 323ஆம் பிரிவில் வரும், மூன்று ஆண்டு வரை சிறை. இன்றே புகார் கொடுங்கள் தம்பி.

பனிக்காலம்:
கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 2010 முதலே வேலையிட வன்முறை பற்றித் தனி விதிகள் இருக்கின்றன. கம்பெனி விசாரித்தே ஆக வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் வேலையை விட்டுவிடுங்கள். எனக்கும் முதல் குளிர்காலம் அப்படித்தான் போனது. படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை, சூப்பர்வைசரின் கத்தல். விட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

தீவுவாசி:
கம்பெனி பொறுப்பேற்றுக் கொடுத்த ஸ்பான்சர் விசாவில் இருப்பவரிடம் 'வேலையை விடு' என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அது அவ்வளவு சுலபமா?

பாலைக்காற்று:
எல்லாம் ஏஜென்ட் செய்யும் வேலை. பணம் வாங்கும்வரை தினம் போன், வந்து இறங்கிய பிறகு எடுக்கவே மாட்டான். நம் ஆட்களே நம் ஆட்களுக்கு உதவுவதில்லை.

பனிக்காலம்:
உண்மை. எங்களுக்கு வாடகை வீடு பார்க்கும்போதும் அதே கதைதான்.

இரவுப்பணி:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கேட்டவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே நமக்குத் தெரியாது. புதுவரவு, நான்கு விஷயம் சொல்லுங்கள். எந்த நாடு, என்ன வேலை, டாக்டரைப் பார்த்தீர்களா, அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார்?

புதுவரவு:
இங்கிலாந்து. கேர் ஹோம், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். டாக்டரைப் பார்க்கவில்லை. நான் பெண். அவரும் பெண்தான். கம்பெனி கொடுத்த வீட்டில் எனக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார். அடிக்கும்போது லவுஞ்சில் ஒரு பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவுப்பணி:
பக்கத்து அறை என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் தங்கச்சி. நானும் இங்கிலாந்தில்தான், கேர் வேலையில் இருந்து நர்சிங்குக்குப் போனவள். வரிசையாகச் சொல்கிறேன்.

தோளைத் தூக்க முடியவில்லை என்றால் இன்றே ஏ அண்ட் இ, அதாவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். போவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வழி சொல்வார்கள். அங்கே 'விழுந்துவிட்டேன்' என்று சொல்லாதீர்கள். வேலை இடத்தில் கூட வேலை செய்பவர் அடித்துத் தள்ளினார் என்று சொல்லி, அப்படியே பதியச் சொல்லுங்கள். பிறகு யார் என்ன கதை சொன்னாலும் அந்தப் பதிவு நிற்கும். கன்றிய இடம் இரண்டு மூன்று நாளில்தான் நன்றாகத் தெரியும், தினமும் போட்டோ எடுங்கள்.

இரவு அந்த வீட்டில் தங்க வேண்டாம். தெரிந்தவர் யாராவது இருந்தால் அங்கே போங்கள். மறுபடி கை ஓங்கினால் யோசிக்காமல் 999, அவசர உதவி எண். அவசரம் இல்லையென்றால் 101 என்ற போலீஸ் எண்ணில் அல்லது போலீஸ் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள், காசு கிடையாது. அவர் பக்கத்து அறையில் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். சாதாரண அடிதடி வழக்கை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும், அதனால் ஆறப்போடாதீர்கள்.

விசா விஷயம். அடி வாங்கியவர் புகார் கொடுத்தார் என்பதற்காக விசாவை ரத்து செய்ய மாட்டார்கள். மேனேஜரால் விசாவை ரத்து செய்யவும் முடியாது. அது உள்துறை அலுவலகத்தின் வேலை. கம்பெனி உங்களை வேலையை விட்டு நிறுத்தினால் அதை அங்கே தெரிவிக்க வேண்டும், அப்புறம் கடிதம் வரும், வழக்கமாக 60 நாள் தருவார்கள், அதற்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். அதனால்தான் கோபத்தில் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம். 'நடந்ததை நானே எழுதித் தருகிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் தமிழில் எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், என்ன பேச்சு, எந்தக் கையால், யார் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் மாற்ற நான் உதவுகிறேன். மெயிலில்தான் அனுப்ப வேண்டும், சொந்த மெயிலுக்கு ஒரு நகல். அதிலேயே ஆக்சிடென்ட் புக்கில் பதியவும், சிசிடிவி இருந்தால் அழியாமல் எடுத்து வைக்கவும் கேளுங்கள். கேமரா பதிவு பல இடங்களில் சில வாரத்தில் தானாக அழிந்துவிடும்.

தேம்ஸ்கரை:
அக்கா, முதலில் கம்பெனிக்குள் கிரீவன்ஸ், அதாவது முறைப்படி புகார் போட்டு, அது சரிவராவிட்டால் போலீஸ் என்பதுதானே முறை?

இரவுப்பணி:
இல்லை, இரண்டும் தனித்தனி. அடித்தது குற்றம், அதற்குக் கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கிரீவன்ஸையும் எழுத்தில் கொடுக்கட்டும். எப்படி எழுதுவது என்று, வேலையிடத் தகராறுகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாகச் சொல்வார்கள், 0300 123 1100. வேலை வழக்குகளுக்கான தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தாலும் முதல் படி அவர்களிடம்தான். அதற்கான கெடு குறுகியது, வெகுகாலமாக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்றுதான் விதி இருந்தது, இப்போது எவ்வளவு என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று, பாட்டியின் கண் முன்னால் நடந்தது என்பதால் இது சேஃப்கார்டிங், அதாவது இல்லத்தில் இருப்பவர்களின் பாதுகாப்பு பற்றிய விஷயமும் ஆகிறது. அதையும் மெயிலில் எழுதினால் மேனேஜர் சும்மா ஒதுக்க முடியாது.

பாலைக்காற்று:
தங்கச்சி, நான் வளைகுடாவை மனதில் வைத்துச் சொன்னேன். இவர் சொல்வதைக் கேள். அக்காவிடமோ அம்மாவிடமோ ஒருத்தரிடமாவது சொல்லிவிடு.

புதுவரவு:
நன்றி அண்ணா, அக்கா. கூடப் படித்தவள் அடுத்த ஊரில் இருக்கிறாள், அவளை வரச் சொல்லிவிட்டேன். ஏ அண்ட் இ போகிறோம். இன்று இரவு ஷிப்ட் இருக்கிறது, என்ன சொல்வது?

இரவுப்பணி:
காயம்பட்டதால் வர முடியாது என்று உங்கள் இடத்தில் எப்படித் தெரிவிக்க வேண்டுமோ அப்படியே தெரிவியுங்கள், போனில் சொன்னாலும் பின்னால் ஒரு மெசேஜ் போடுங்கள். முதல் 7 நாளுக்கு டாக்டர் சான்றிதழ் தேவையில்லை, அதற்கு மேல் என்றால் ஃபிட் நோட் எனும் அந்த மருத்துவச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், பே ஸ்லிப் எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தோழி வந்த பிறகு போங்கள், தனியாக உள்ளே போக வேண்டாம்.