திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரையில படம் கீறுற ஐயாவைக் கண்ட ஆக்கள் எழுதுங்கோ

திருகோணமலை நகர்:
பெரிய குடையை மணலில குத்திவச்சு, மடிக்கிற கதிரையில இருந்து வாட்டர் கலரில படம் கீறுவாரே, பதுளை ஐயா, அவரைத்தான் கேக்கிறன். பிறந்தது மலைநாடு, கீறுறது முழுக்கக் கடல். மன்னார், அறுகம்பை, கற்பிட்டி எண்டு பஸ்ஸிலயே சுத்துற மனிசன்.

இஞ்ச வாறவை எல்லாரும் பிரெட்ரிக் கோட்டைக்குள்ள மானையும் மேல கோணேசர் கோயிலையும் போட்டோ எடுத்திட்டுப் போவினம். இவர் கோயிலைச் சின்னப் பொட்டா வச்சிட்டு, அது நிக்கிற சுவாமி மலைப் பாறையின்ர நிழலையே பாத்துக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா, கோயிலை விட்டிட்டீங்களோ?" எண்டன். "கோயில் எங்கயும் போகாதுங்க தம்பி. இந்த நிழல் அரை மணி நேரத்துல போயிடும்" எண்டார், தலை நிமிராமல்.

கரையோரத் தண்ணிக்கு நீலமே தொடேல்ல. முதல்ல தாளைத் தட்டைப் பிரஷ்ஷால நனைச்சு, மண்நிறத்தை மெல்லிசா இழுத்தார். அது காயமுன்னம் பச்சை. நீலம் தூரத்தில, வானத்தைத் தொடுற கோட்டில மட்டும். நுரைக்கு வெள்ளைச் சாயம் பூசுவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். இல்லை, தாளின்ர வெள்ளையை அப்பிடியே விட்டிட்டுச் சுத்திவரச் சாயத்தைக் கொண்டுபோனார்.

உப்புவெளி:
நான் கண்டது கச்சான் காத்து அடிக்கிற காலம். தரையிலயிருந்து வாற அந்தச் சூட்டுக்காத்தில சாயம் பிரஷ்ஷிலயே காயும். அதுக்காகத் தண்ணியில ரெண்டு சொட்டுக் கிளிசரின் விடுவார். விடியப்புறமே வந்து, வெயில் ஏற எழும்பிப் போயிருவார்.

கரைவலை இழுக்கிற பெடியள் வேலை முடிய வந்து எட்டிப் பாத்தாங்கள். "என்ன ஐயா, எங்களைப் புள்ளியாப் போட்டிருக்கிறியள்? என்ர பனியன் சிவப்பெல்லோ!" எண்டு ஒருத்தன் சண்டை. ஐயா சிரிச்சுக்கொண்டு ஒரு புள்ளிக்குச் சிவப்புத் தொட்டார். படமே அந்தச் சிவப்பாலதான் எழும்பினது எண்டு நான் சொல்லுவன்.

பாலையூற்று:
எங்கள் ஊரைக் கீற வந்தவர்கள் முன்பும் இருந்தார்கள். சாமுவேல் டானியல் என்ற ஆங்கில ஓவியர் ஒஸ்ரன்பேர்க் கோட்டையிலிருந்து துறைமுகத்தைக் கீறினார். இலங்கைக் காட்சிகளாக 1808இல் லண்டனில் அச்சான அவருடைய பன்னிரண்டு படங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கோட்டை இப்போது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது, நினைத்தபடி போய் உட்கார முடியாது. நம்முடைய ஐயாவும் துறைமுகப் பக்கம் ஒருநாள் கதிரையை விரித்திருக்கிறார். காவலுக்கு நின்ற ஒருவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழும்பச் சொன்னாராம். கையிலிருந்தது பாதி வானம். அதில் என்ன இரகசியத்தைக் கண்டாரோ!

ஐயாவின் சாயப்பெட்டி பாக்குவெட்டி அளவுதான். சாயத்தை அடைக்கும் தகரக் குழாய் 1841இல் வந்த பிறகே எண்ணெய்ச் சாயக்காரருக்கும் வெளியில் வேலை செய்வது சுலபமானது.

நிலாவெளி:
எங்கட கடலுக்குள்ள இருக்கிற புறாமலைத் தீவு தெரியிற மாதிரி எனக்கொரு படம் வேணும். விப்பாரோ?

உப்புவெளி:
பெரிய தாள் குடுக்க மாட்டார். போஸ்ட்காட் அளவில கீறினது இருந்தால் தருவார், பேரம் பேசாதேங்கோ. ஐப்பசி மழைக்கு முன்னம் பிடியுங்கோ. இஞ்ச மாரி தொடங்கினால் அவர் கற்பிட்டிக்கு பஸ் ஏறியிருவார்.