புளியந்தீவுக்குள்ள நடந்த கதை: உங்கட அனுபவத்தையும் எழுதுங்க

கல்முனைக்காரி:

மட்டக்களப்புக்கு நான் எத்தனை தரம் வந்திருப்பன் எண்டு கணக்கில்லை. ஆஸ்பத்திரிக்கு, கல்யாணப் புடவை எடுக்க, கொழும்பு ரயில் ஏற. ஆனால் பழைய பட்டணம் இருக்கிற புளியந்தீவை, வாவிக்குள்ள கிடக்கிற அந்தத் தீவை, ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை. போன போயா லீவுக்கு (பௌர்ணமி விடுமுறை) அண்ணன்ட மகனைக் கூட்டிக்கொண்டு அதுக்கெண்டே வெளிக்கிட்டன். அவனுக்கு 12 வயது. வழிகாட்டி ஆரும் இல்லை. கொப்பித் தாளில நான் கீறின ஒரு படம், ரெண்டு போத்தல் தண்ணி, அவ்வளவுதான்.

விடியக் காலை காந்திப் பூங்காவில தொடங்கினம். வாவிக்கரையில (எங்கட ஆக்கள் வாவியை ஆறு எண்டுதான் சொல்லுறது) பழைய மட்டக்களப்பு வாயில் நிக்குது. பொடியன் அதைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டுக் கேட்டான்: "மாமி, வாசல் ஏன் ஆத்தைப் பார்த்துக்கொண்டு நிக்குது?" எனக்கு மறுமொழி வரல்ல. பக்கத்தில வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு வயசான ஐயா தலை நிமிராமலே சொன்னார்: "அப்ப றோட்டால ஆர் மனே வந்த? எல்லாரும் ஆத்தாலதானே வந்த."

அந்த ஒரு வசனம் எனக்குப் போதும். அதுக்குப் பிறகு நான் கீறின படத்தை மடிச்சு வைச்சிட்டன். நாங்க பஸ்ஸில வந்து இறங்கிறதால இந்த ஊரைப் பின்பக்கமாவே பார்த்துப் பழகிட்டம். இது தண்ணியைப் பார்த்துக் கட்டின ஊர். மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் 1814இல வந்ததும் தண்ணி வழிதான். அவர்ட சிலையடியில பொடியனுக்குக் கதையைச் சொன்னன்: ஒரு வருசம் நிறைய முதலே, 1815இல, இஞ்சயே இறந்து போனார், ஆனால் அவர் தொடங்கின பள்ளிக்கூடம் 200 வருசம் தாண்டி மெதடிஸ்த மத்திய கல்லூரியா நிக்குது. பொடியன் கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டான். "அவருக்கு இதெல்லாம் தெரியாதே, மாமி" எண்டான்.

மறுகா கோட்டைக்கு வழி கேட்டம். வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா யோசிச்சுப் பார்த்துட்டு, "கோட்டையா? பழைய கச்சேரியையா கேக்கிறீங்க? அங்கால கிறுகிப் போங்க" எண்டா. கச்சேரி எண்டால் அரச அலுவலகம், கோட்டைக்குள்ளதான் இருந்தது. கோட்டை போர்த்துக்கேயர் 1628இல கட்டினது. பத்து வருசத்தில, 1638இல, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோட சேர்ந்து ஒல்லாந்தர் பிடிச்சிட்டாங்க. நாலு மூலையிலயும் கொத்தளம், ரெண்டு பக்கம் வாவி, மற்றப் பக்கம் அகழி. சுவர் எவ்வளவு அகலம் எண்டு பார்க்கப் பொடியன் அதில படுத்தே பார்த்தான். வாவியைப் பார்த்து நிக்கிற பீரங்கியில கையை வைச்சிட்டு, "இதுவும் ஆத்தைத்தான் பார்க்குது" எண்டான். நான் சொல்லாமலே அவனுக்கு விளங்கிட்டு.

மரியன்னை பேராலயம், புனித மிக்கேல் கல்லூரி, ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில் எல்லாம் வெயில் ஏறினதால ஓட்டமும் நடையுமாத்தான் பார்த்தம். திரும்ப வரவேணும். இஞ்ச நடந்த ஆக்கள் உங்கட அனுபவத்தையும் எழுதுங்க.

கொக்கட்டிச்சோலை மகன்:

அக்கா, அந்தக் கச்சேரிக் கதை என்னைப் பிடிச்சு இழுத்திட்டு.

அப்பா இறந்த பிறகு அவர்ட பென்சனுக்காக அம்மா எத்தனையோ தரம் அங்க போனவ. வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கிற படுவான்கரையில இருந்து பட்டணம் வாறது எண்டால் ஒரு முழுநாள் வேலை. மண்முனைத்துறையில பாதைக்குக் காத்துக் கிடந்து (எங்கட பக்கம் ஆக்களையும் சைக்கிளையும் ஏத்தி ஆத்தைக் கடக்கிற மிதவையை 'பாதை' எண்டுதான் சொல்லுறது), அக்கரையில பஸ் பிடிச்சு வரவேணும். மண்முனைப் பாலம் 2014இலதானே வந்தது. சின்னப் பொடியனா நானும் சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு போவன். மரத்தடியில மனு எழுதுற ஐயா ஒருவர் இருப்பார். அம்மாட்ட ஒரு சதமும் வாங்காமல் எல்லாப் படிவமும் நிரப்பித் தந்தார். "தங்கச்சி, இதில கையொப்பம் வைங்க, மற்றதை நான் பார்க்கிறன்" எண்டுவார்.

போன வருசம் அம்மாவை அங்க கூட்டிக்கொண்டு போனன். கோட்டைச் சுவரில ஏத்தி வாவியைக் காட்டினன். கனநேரம் பார்த்துக்கொண்டு நிண்டா. "இவ்வளவு வடிவான இடமாடா இது? எனக்கு யன்னலும் வரிசையும்தான் ஞாபகம்" எண்டா. மறுகா இறங்கி வந்து அந்த மரத்தடியைத் தேடினா. அந்த ஐயா இருந்த இடத்தில கொஞ்ச நேரம் இருந்திட்டு எழும்பினா.

புளியந்தீவில் பிறந்தவர்:

தங்கச்சி, நீங்க பெரிய கட்டடமாப் பார்த்து நடந்திருக்கிறீங்க. அடுத்த முறை ஒழுங்கைகளுக்குள்ள போங்க. எங்கட ஊர்ட உயிர் அதுக்குள்ளதான் கிடக்குது.

எங்கட வளவுக்குப் பக்கத்தில ஒரு பறங்கிக் குடும்பம் (போர்த்துக்கேயர் வழி வந்த ஆக்கள்) இருந்தது. அந்த மாமா தச்சு வேலை செய்வார். எங்களோட தமிழ், வீட்டுக்குள்ள போர்த்துக்கேயப் பேச்சு. போர்த்துக்கேயர் கோட்டையை விட்டுப் போய் 400 வருசம் ஆகப் போகுது. அவங்கட பேச்சு இஞ்ச இன்னும் சில வீடுகளில மிச்சம் கிடக்குது. கல்யாண வீட்டில வயலின் எடுத்து அவங்கட கபிரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் தெருவே ஆடும். 1978 நவம்பர் 23 சூறாவளி இரவு எங்கட கூரை ஓடுகளைக் காத்து அள்ளிக்கொண்டு போக, சுவர் தெறிக்கிற சத்தத்துக்குள்ள அந்த மாமாதான் எங்க எல்லாரையும் தன்ட வீட்டு மேசைக்குக் கீழ இழுத்துப் போட்டார். விடிய வெளியில வந்தால் ஊரில நிமிர்ந்து நிண்ட தென்னையை எண்ணிப் போடலாம். போன கிழமை அந்த ஒழுங்கையால நடந்தன். வீடு கைமாறிட்டு. வாசல் கதவு மட்டும் அவர் செய்த கதவு. சித்திர வேலையை வைச்சே கண்டுபிடிச்சன். கையால தடவிட்டு வந்தன்.

இன்னொண்டும் சொல்லவேணும். நடந்து போற ஆக்கள் சீயோன் தேவாலயத்தடியில கொஞ்சம் நிண்டு போங்க. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அண்டு குண்டுவெடிப்பில அங்க போன உயிர்களில பிள்ளைகளும் உண்டு. படம் எடுக்கவேணாம்.

ஆரையம்பதி ஆசிரியை:

நான் வகுப்புப் பிள்ளைகளோட ரெண்டு தரம் போன. வெள்ளன வெளிக்கிடுங்க, பத்து மணிக்குப் பிறகு தார் றோட்டுச் சூடு பிள்ளைகளுக்குத் தாங்காது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாத்திலயும் முதல் கேட்டுட்டு உள்ள போங்க. கேட்டால் ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னதில்லை. திரும்பி வரக்குள்ள சட்டித் தயிர் வாங்க மறக்காதீங்க.

கல்லடிப் பொடியன்:

பகல்ல நடந்த ஆக்கள் இரவிலயும் ஒருக்கா வாங்க. கல்லடிப் பழைய இரும்புப் பாலம் 1924இல திறந்தது. ஆளுநர் மன்னிங்கின்ட மனைவி பேர்தான் அதுக்கு வைச்சது. 2013இல பக்கத்தில புதுப் பாலம் வந்தபடியால் இப்ப பழையதில ஆறுதலா நிக்கலாம்.

எங்கட வாவியில மீன் பாடும் எண்டு, மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு எண்டு சொல்லிச் சொல்லியே வளர்ந்தம், ஆனால் நான் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. ஒரு பறுவம் (பௌர்ணமி) இரவு பெரியப்பா தோணியில கூட்டிக்கொண்டு போனார். பாலத்துக்குக் கிட்ட நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணிக்குள்ள இறக்கி, மற்ற நுனியை என்ட காதில வைச்சார். "மூச்சுக் காட்டாத" எண்டார். முதல் பாலத்தில போற வாகனச் சத்தம்தான். அது அடங்கி, மறுகா தண்ணி துடுப்பில தட்டுற சத்தம். அதுக்கும் கீழ, ஈர விரலால கண்ணாடிக் கோப்பை விளிம்பைத் தேய்க்கிற மாதிரி ஒண்டு, மெல்லிசா, விட்டு விட்டு.

நான் நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தன். அவர் ஒண்டும் கேக்கல்ல. துடுப்பை வாங்கித் தன்ட காதில வைச்சிட்டுக் கண்ணை மூடினார்.

கல்முனைக்காரி:

தம்பி, அடுத்த பறுவத்துக்கு உங்கட பெரியப்பாட தோணியில ரெண்டு பேருக்கு இடமிருக்குமா? இதைப் பொடியனுக்கு வாசிச்சுக் காட்டினன். இப்பவே வெளிக்கிட நிக்கிறான்.