ஸ்பைடர்மேன் 2: உங்களை உலுக்கிய காட்சி எது?

நள்ளிரவு:

2004-இல் சாம் ரெய்மி இயக்கத்தில் வந்த படம். அதற்குப் பிறகு எத்தனையோ சூப்பர்ஹீரோக்கள் வந்துபோய்விட்டார்கள், எனக்கு இன்னும் இதுதான். சண்டைகளுக்காக இல்லை. ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டர் பார்க்கர் நமக்கு மறுபடி அறிமுகமாவதே பீட்சா டெலிவரியில்தான். வேலைக்கு லேட், கல்லூரிக்கு லேட், வாடகை பாக்கி. நியூயார்க்கையே காப்பாற்றுகிறவன் கையில் காசில்லை. முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அப்போது நானும் டெலிவரி ஆள்.

அது என் வீட்டுக்குத் தெரியாது. ஆள்குறைப்பில் என் வேலை போயிருந்தது. மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் பழைய நேரத்துக்கே, தேய்த்த சட்டையோடு கிளம்புவேன். வழியில் ஒரு கழிப்பறையில் புகுந்து டெலிவரி டீஷர்ட்டுக்கு மாறுவேன். சாயங்காலம் மறுபடி சட்டை. படத்தில் பீட்டர் துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள்ளிருந்து பீட்சா பெட்டிகளோடு வெளியே வருவான், துடைப்பங்கள் ஒவ்வொன்றாய்ச் சரிந்து விழும். கிட்டத்தட்ட என் கதை, துடைப்பம் மட்டும் இல்லை. இப்படியே ஏழு மாதம்.

ஒருநாள் இரவு இந்தப் படம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. தன்னை வளர்த்த பென் அங்கிள் செத்ததற்குத் தானும் காரணம் என்று அவர் மனைவி மே ஆன்ட்டியிடம் பீட்டர் சொல்லும் காட்சி. சாப்பாட்டு மேஜை, எதிரெதிரே இருவர். திருடன் ஓடிவந்தபோது தடுத்திருக்கலாம், விட்டுவிட்டேன் என்கிறான். அவன் கையைப் பிடித்திருந்த அந்த அம்மா மெதுவாகத் தன் கையை இழுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். அதற்குக் கொஞ்சம் முன்னால், மனதுக்குள் நடக்கிற ஒரு உரையாடலில் பென் அங்கிள் கையை நீட்டுவார், பீட்டர் பிடிக்க மாட்டான். ஒரு கையை இவன் மறுத்தான், இன்னொரு கை இவனை விட்டுப் போனது. இதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

விளம்பர இடைவேளையில் சொல்லிவிட்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து என் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். “ஏசி ஆபீஸ்ல உக்கார்ற ஆளுக்கு முழங்கை வரைக்கும் இப்படிக் கறுக்குமா? நீங்களா எப்போ சொல்வீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.”

ஸ்பைடர்மேன் யாரென்று மே ஆன்ட்டிக்குத் தெரியுமா, தெரியாதா என்று ரசிகர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். வீடு காலி செய்யும்போது, உறுதியாக நின்று, சில சமயம் நமக்கு மிகவும் வேண்டியதையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவனிடம் பேசுவாரே, அதைக் கேட்டபின்னும் சந்தேகமா? எனக்கு இல்லை.

சரி, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சுவர்க்கோழி:

எனக்கு ரயில் காட்சி, அண்ணா. அப்போது எனக்குப் பத்து வயது. பீட்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் வலையை வீசி ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுவான். பயணிகள் தாங்கிப் பிடித்து, தலைக்கு மேலே கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். தன் மகனை விடப் பெரியவன் இல்லையே என்பார் ஒருவர். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்பார்கள்.

நான் இப்போது நர்ஸ். 2020-இல் கோவிட் வார்டு. எல்லோரும் ஒரே மாதிரிக் கவச உடுப்பு. முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம், ஆனால் படுத்திருப்பவருக்கு முதுகா தெரியும்? ஒரு தாத்தா தினமும் ராத்திரி வீடியோவில் மகளோடு பேசுவார், போனை நான்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் குணமாகிக் கிளம்பிய நாளில் நான் சாதாரண உடையில் வராண்டாவில் போய்க்கொண்டிருந்தேன். என்னையே நிறுத்தி, “ஏம்மா, ராத்திரி போனைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளே ஒரு பொண்ணு, அவளுக்கு எப்போ டியூட்டி?” என்று கேட்டார்.

“அவங்க கிளம்பிட்டாங்க தாத்தா, நான் சொல்லிடறேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் கண்டுபிடிக்கவில்லை.

பழைய கேமரா:

முதலில் ஒரு சின்னத் தகவல், பழக்கதோஷம். பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்ற வாசகத்தை 2002 படத்தில் பென் அங்கிள் காரில் வைத்துச் சொல்வார். ஆனால் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் உருவாக்கிய முதல் காமிக்ஸ் கதையில் அதை அவர் சொல்லவே இல்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வரியாகத்தான் வரும். கேட்க வேண்டியவன் எல்லாம் முடிந்த பிறகு தனியாக நடந்துபோய்க்கொண்டிருப்பான். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அதேபோல இந்தப் படத்தில் உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அவன் போவதும் 1967-இல் வந்த ஸ்பைடர்மேன் காமிக்ஸின் 50-ஆவது இதழிலிருந்து எடுத்ததுதான்.

என் காட்சி, அந்தத் தீ விபத்து. ஸ்பைடர்மேன் வேலையே வேண்டாம் என்று விட்டபிறகு, சக்தியில்லாத வெறும் பீட்டராக எரிகிற கட்டடத்துக்குள் ஓடி ஒரு குழந்தையைத் தூக்கி வருவான். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது காதில் விழும்: நான்காவது மாடியில் ஒருவர் மாட்டிக்கொண்டார், வெளியே வரவே இல்லை.

எனக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். பத்து வருடம், எந்த நேரத்தில் அழைத்தாலும் போவேன். ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. நான் ஒருத்தன்தானா இருக்கிறேன் என்று தோன்றி, ராத்திரி போனை சைலன்டில் போட ஆரம்பித்தேன். என்ன நிம்மதியான தூக்கம் தெரியுமா! மூன்றாவது வாரம் காலையில் எழுந்து பார்த்தால், தெரியாத எண்ணிலிருந்து மூன்று மிஸ்டு கால். திரும்ப அழைத்தேன். “இல்லைங்க, இனிமே தேவைப்படலை” என்று வைத்துவிட்டார்கள். ரத்தம் கிடைத்துவிட்டதா, அல்லது? நான் கேட்கவில்லை. போனை மட்டும் அதற்குப் பிறகு சைலன்டில் போடுவதில்லை.

கோடைமழை:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பீட்டர் எனக்கு எரிச்சல்தான். எதிரிகளால் ஆபத்து வரும் என்று, தான் காதலிக்கும் மேரி ஜேனிடம் உண்மையைச் சொல்லாமல் விலக்கியே வைக்கிறான். அது அவளுடைய உயிர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா? தியாகமாம்.

எங்கள் அப்பா தன் நோயை ஒன்றரை வருடம் எங்களிடம் மறைத்தார். எனக்குப் பரீட்சை, தம்பிக்குப் பரீட்சை. “பிள்ளைகள் நிம்மதியா படிக்கட்டும்” என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். படித்தோம், நல்ல மார்க்கும் வாங்கினோம். எங்களுக்குத் தெரிந்தபிறகு அவரோடு கிடைத்தது பதினொரு வாரம். எல்லோரும் சொல்கிறார்கள், எப்பேர்ப்பட்ட அப்பா என்று. ஆமாம்தான். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் ஒருநாள் அவர் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கியபோது, “என்னப்பா, வயசாயிடுச்சா?” என்று கிண்டல் செய்தேன். அதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அதனால்தான் எனக்குப் பிடித்தது கடைசிக் காட்சி. கல்யாணத்தை விட்டுவிட்டு மேரி ஜேன் அவன் அறை வாசலில் வந்து நிற்பாள். ஆபத்து இருக்கிறது என்று தனக்கும் தெரியும், ஆனால் முடிவைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்பாள். படம் முழுக்க யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

ஒற்றைச்செருப்பு:

எல்லோரும் அழவைக்கிறீர்கள். எனக்குப் பிடித்தது சலவைக் காட்சி. உடையை மற்றத் துணிகளோடு போட்டுத் துவைத்து, வெள்ளைத் துணியெல்லாம் சாயம் ஏறிவிடும். ரகசியத்தைக் காப்பாற்ற ஆயிரம் வழி யோசிக்கிறவனுக்குத் துணியைப் பிரித்துப் போடத் தெரியவில்லை. விடுதியில் புதிதாகச் சேர்ந்த வாரம் என் நான்கு சட்டைகள் இப்படித்தான் ரோஸ் ஆகின. எனக்குச் சக்தி எதுவும் இல்லாததால் அதைப் போட்டுக்கொண்டே வகுப்புக்குப் போனேன்.

இன்னொன்று. மேரி ஜேனின் நாடகத்துக்கு அவன் தாமதமாகப் போவானே, உள்ளே விடமாட்டார்களே, அது ஆஸ்கர் வைல்டின் நாடகம். ஊரில் ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் என்று இரட்டை வாழ்க்கை வாழ்கிறவனின் கதை. இரட்டை வாழ்க்கை வாழ்கிறவனுக்கே டிக்கெட் வேஸ்ட்.

நள்ளிரவு:

கோடைமழை, நீங்கள் எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். “அந்தப் பொண்ணு சொல்றது சரி” என்றாள், என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே. நேற்று ராத்திரி இருவரும் சேர்ந்து படத்தை முதலிலிருந்து பார்த்தோம். மே ஆன்ட்டி கையை இழுத்துக்கொண்டு மாடி ஏறும் இடம் வந்ததும் நான் மெதுவாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

“அந்தம்மாவுக்கு மாடி இருந்துச்சு, போயிட்டாங்க” என்றாள். “நமக்கு அப்போ ஒரே ரூம். நான் எங்கே போறது, சுவரைத்தான் பாத்தேன்.”