ஒரு யூரோவில் கம்பெனி ஆரம்பி என்கிறார்களா? கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்

ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதமான ஒரு தம்பி நேற்று கேட்டிருந்தார்: "அக்கா, ஆபீஸில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். அதற்குப் பதிலாக நானே யூஜி என்கிற ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்து மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்ப வேண்டுமாம். அதே மேசை, அதே மேனேஜர், கையில் வருவது மட்டும் கொஞ்சம் கூட. முதலீடு ஒரு யூரோ போதுமாமே, ஆரம்பித்துவிடட்டுமா?"

வேண்டாம் தம்பி. கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், இதே கேள்வியோடு வருகிற ஆள் நீங்கள் மட்டும் இல்லை.

முதலில் விசா. நீங்கள் புளூ கார்டில் இருக்கிறீர்கள். அது வேலை ஒப்பந்தத்தை நம்பிக் கொடுத்த அனுமதி. ஒப்பந்தம் போய் இன்வாய்ஸ் வந்தால் அனுமதிக்கு அடித்தளமே இல்லை. சுயதொழில் செய்ய வெளிநாட்டவர் அலுவலகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் மேனேஜர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். உங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். நிரந்தர வசிப்புரிமை வாங்கிவிட்டவர்களும் படிக்கிறீர்கள் என்பதால் மேலே போகிறேன்.

நான் 2017-ல் ஒரு யூஜி ஆரம்பித்தேன். யூஜி என்பது 2008-ல் வந்த குட்டி ஜிஎம்பிஹெச். ஜிஎம்பிஹெச் என்றால் நம் ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரி. பெரியதற்கு 25,000 யூரோ மூலதனம் காட்ட வேண்டும், இதற்கு ஒரு யூரோ. நானே உரிமையாளர், நானே நிர்வாக இயக்குநர், நானே ஒரே தொழிலாளி. நோட்டரி என் பாஸ்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் பத்திரம் முழுவதையும் வாய்விட்டு வாசித்தார், இங்கே சட்டமே அப்படித்தான். முகூர்த்தம் தப்பப் போகிறது என்றால் ஐயர் மந்திரத்தை ஓட்டுவாரே, அந்த வேகம். அந்தக் கால் மணி நேரத்தை அன்று வெட்டிச் சடங்கு என்று நினைத்தேன். பதிவேட்டில் பெயர் ஏறியதும் கழுகுச் சின்னம் போட்ட கட்டணக் கடிதங்கள் தபாலில் வரத் தொடங்கின. அவற்றில் பாதி மோசடி. அரசுக் கடிதம் போலவே இருக்கும், யாரும் பணம் கட்டிவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு போய் உட்கார்ந்தது பழைய நாற்காலியில்தான். காலை ஒன்பது மணிக் கூட்டம், அவர்கள் லேப்டாப், அவர்கள் அடையாள அட்டை. மாறியது கழுத்தில் தொங்கிய பட்டியின் நிறம் மட்டும், ஊழியர்களுக்கு நீலம், எங்களுக்குச் சாம்பல். 2018 ஜனவரியில் பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. ஊழியராக இருந்திருந்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம் வந்திருக்கும். எனக்கு அந்த ஆறு வாரமும் இன்வாய்ஸ் பூஜ்யம். மருத்துவக் காப்பீட்டுத் தொகை மட்டும் மாதம் தவறாமல் கணக்கிலிருந்து போனது, அதுவும் முதலாளி பங்கும் சேர்த்து முழுசாக.

அப்போதுதான் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனேன். சங்கத்தில் சேர்வதற்கு முன்பே கிளம்பிய தகராறுக்கு அவர்களின் வழக்குதவி கிடையாது என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் அங்கிருந்த ஒரு பெரியவர் காபி ஊற்றிக் கொடுத்து, "உன் கதையைத்தான் நாங்கள் பிரஸ்ஸல்ஸில் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

அவர் சொன்னது எஸ்யூபி என்கிற ஒற்றை உரிமையாளர் கம்பெனி விவகாரம். 2014 ஏப்ரலில், ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சட்டங்களை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையம் ஒரு வரைவு கொண்டுவந்தது. ஒற்றை உரிமையாளர் கம்பெனிக்கு ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி விதி. ஒரு யூரோ மூலதனம், ஆன்லைனில் பதிவு, மூன்று வேலை நாளில் சான்றிதழ். நேரில் போகத் தேவையில்லை. பதிவு அலுவலகம் ஒரு நாட்டில் இருக்கலாம், நிஜமான தொழில் இன்னொரு நாட்டில் நடக்கலாம். சிறு தொழில் செய்பவர்களுக்கு வழி திறக்கிறோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஐரோப்பியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வரிந்து கட்டிக்கொண்டு எதிர்த்தது. எனக்குக் கண் திறந்த இடம் எது தெரியுமா? "ஒற்றை உரிமையாளர்" என்றதும் நம் மனதில் தனியாளாகக் கடை நடத்துகிறவர்தான் வருகிறார். வரைவில் அப்படி எந்த வரம்பும் இல்லை. அந்த ஒரே உரிமையாளர் ஒரு பெரிய நிறுவனமாகவும் இருக்கலாம், அதற்குக் கீழே ஆயிரம் பேர் வேலை செய்யலாம். ஜெர்மனியில் 500 பேருக்கு மேல் ஆள் உள்ள கம்பெனியில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் தொழிலாளர்களுக்கு, 2,000 தாண்டினால் பாதி. அந்தச் சட்டம் ஜெர்மன் கம்பெனிகளுக்குத்தான் பொருந்தும். பதிவை வேறு நாட்டில் வைத்துக்கொண்டு இங்கே தொழில் நடத்தினால் அந்த நாற்காலிகள் காலி. இப்படிப் பெயர்ப்பலகையும் தபால்பெட்டியும் மட்டும் உள்ள கம்பெனிகளை இங்கே "தபால்பெட்டிக் கம்பெனி" என்றே சொல்வார்கள்.

சங்கங்களின் இன்னொரு பயம் நேராக என்னைப் பற்றியது. ஆளை வேலையை விட்டு அனுப்பி, மூன்று நாளில் கம்பெனி ஆரம்பிக்க வைத்து, அதே வேலையை இன்வாய்ஸில் வாங்கலாம். கட்டட வேலை, லாரி, பார்சல் விநியோகம், இறைச்சி வெட்டும் ஆலை எல்லாவற்றிலும் இது நடக்கும் என்றார்கள். நோட்டரி என் பாஸ்போர்ட்டைச் சாய்த்துப் பார்த்தாரே, அந்தச் சோதனையும் போய்விடும், யார் பெயரில் யார் கம்பெனி என்றே தெரியாது என்றார்கள்.

2015 மே மாதம் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கவுன்சில் வரைவை மாற்றி ஒப்புக்கொண்டது, ஜெர்மனி சேரவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அது நகரவே இல்லை. 2018-ல் ஆணையமே திரும்பப் பெற்றது.

சரி, இப்போதைய நிலைமை. 2023 ஜூலையில் காஸலில் உள்ள கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் (சமூகக் காப்பீட்டு வழக்குகளுக்கு இதுதான் உச்ச நீதிமன்றம்) தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரே ஆள் கம்பெனி வழியாக வேலை செய்தாலும், அந்த ஆள் நடைமுறையில் வேலை கொடுப்பவரின் உத்தரவுப்படி, அவர்கள் அமைப்புக்குள் இருந்து வேலை செய்தால் அவர் ஊழியர்தான். காகிதத்தில் இரண்டு கம்பெனிகளுக்கு இடையேயான ஒப்பந்தம் என்று இருப்பது காப்பாற்றாது. அந்த வழக்குகளில் செவிலியர் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். பிடிபட்டால் விடுபட்ட காப்பீட்டுத் தொகையை வேலை கொடுத்தவர் நான்கு ஆண்டு வரை பின்னோக்கிக் கட்ட வேண்டும், தெரிந்தே செய்திருந்தால் முப்பது ஆண்டு.

ஆகவே உங்களிடம் யாராவது யூஜி பேச்சை எடுத்தால், ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகத்தில் நிலை நிர்ணயம் கேட்டு விண்ணப்பிக்கலாமா என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். இந்த வேலை சுயதொழிலா, ஊழியமா என்று அவர்களே முடிவு சொல்வார்கள், இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். நிஜமாகவே சுயதொழில் வேலை என்றால் எதிர்ப்பக்கம் தயங்க மாட்டார்கள். என்னுடைய கம்பெனியில் இதைக் கேட்டபோது மேனேஜர் பேச்சை வானிலைக்கு மாற்றினார்.

கீழே கமெண்டில் கேட்டவர்களுக்கு:

நிஜமாகவே நான்கைந்து வாடிக்கையாளர் வைத்திருக்கும் அண்ணனுக்கு: உங்களுக்கு யூஜி நல்ல வழிதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஒரு நல்ல வரி ஆலோசகரைப் பிடித்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆண்டுக் கணக்கு, தொழில் வரி, வர்த்தக சபை உறுப்பினர் கடமை எல்லாம் உண்டு. மூடுவது தனிக் கூத்து. கலைப்பதாக அறிவித்த பிறகு கடன்காரர்களுக்காக ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆரம்பிக்கும்போது இதை யாரும் சொல்லவில்லை, மூடும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

புது விதி வருகிறதாமே என்று கேட்டவருக்கு: ஆமாம். 2026 ஜனவரியில் டாவோஸில் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லேயன் ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரியான 'ஈயூ இன்க்' கம்பெனி பற்றிப் பேசினார், 48 மணி நேரத்தில், முழுக்க ஆன்லைனில் கம்பெனிப் பதிவு. 2014-ல் மூன்று நாள், இப்போது இரண்டு. சங்கங்களும் தொழிலாளர் சட்டத்தை இதில் தொடாதே என்ற பழைய கோரிக்கையோடு நிற்கின்றன. எனக்கும் ஆன்லைன் பதிவில் வெறுப்பில்லை. வேலை நடக்கிற நாட்டின் சட்டம்தான் வேலைக்குப் பொருந்தும் என்று அதில் அழுத்தமாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

இன்வாய்ஸ் அனுப்புகிறவர்களைச் சங்கம் சேர்க்குமா என்று கேட்ட தங்கைக்கு: சேவைத் துறைத் தொழிற்சங்கமான வெர்டி சேர்க்கிறது. சண்டை வரும் முன்பே சேருங்கள், என்னை மாதிரி கட்டுப் போட்ட கையோடு போகாதீர்கள்.

கடைசியாகத் தம்பி, உங்கள் ஒப்பந்தம் முடிகிற தேதியைப் பாருங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதிய வேண்டும். அதைவிடக் குறைவான நாள்தான் மீதி என்றால், தெரிந்த மூன்று நாளுக்குள். உங்களைப் போல புளூ கார்டு வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு வேலை போனபின் புது வேலை தேட மூன்று மாத அவகாசம் உண்டு. திங்கட்கிழமையே பதிந்துவிட்டு இங்கே சொல்லுங்கள், உங்கள் சிவியை நான் பார்த்துத் தருகிறேன்.