1/32 மொஸ்கிட்டோ: மர விமானத்தில் பெயிண்ட் தேய்மானம் காட்டுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான மொஸ்கிட்டோ எஃப்.பி. 6-இன் டாமியா நிறுவன மாடலை (1/32, அதாவது அசலில் 32-இல் ஒரு பங்கு அளவு) நான்கு மாதமாகக் கட்டி வருகிறேன். இறக்கை மட்டுமே அரை மீட்டருக்கு மேல் நீளம். காக்பிட் முடிந்துவிட்டது. இரண்டு இடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

முதலில் தேய்மானம். இதுவரை நான் கட்டியதெல்லாம் உலோக விமானங்கள். வெள்ளி நிறம் அடித்து, ஹேர்ஸ்ப்ரே தெளித்து, மேல் பெயிண்ட் காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்து எடுப்பேன்; அடியில் உள்ள வெள்ளி, உலோகம் மாதிரி எட்டிப் பார்க்கும். ஆனால் மொஸ்கிட்டோவின் உடலும் இறக்கையும் மரம்: ஒட்டுப்பலகை, பால்சா. அதன்மேல் மடப்பொல்லம் என்ற பருத்தித் துணியை ஒட்டி டோப் (துணியை இறுக்கும் ஒருவகை வார்னிஷ்) பூசினார்கள். ஆந்திராவில் நரசாப்பூர் பக்கத்து ஊரின் பெயர்தான் அந்தத் துணிக்கு; படித்தபோது அவ்வளவு சந்தோஷம்! அதனால் மரப்பகுதியில் வெள்ளி தெரிந்தால் தப்பு. இன்ஜின் கவர்கள் உலோகம் என்பதால் அவற்றில் பிரச்சினை இல்லை. மெக்கானிக்குகள் ஏறி நின்ற இறக்கைப் பகுதியில் என்ன செய்வது? மேல் நிறத்தையே கொஞ்சம் வெளிறச் செய்தால் போதுமா, அடியில் வேறு நிறம் எட்டிப் பார்க்க வேண்டுமா?

அப்புறம் இந்த விமானத்தின் மெர்லின் இன்ஜின். 12 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் 2 ஸ்பார்க் பிளக், ஆக ஒரு இன்ஜினுக்கு 24 வயர். 0.3 மி.மீ. ஈயக்கம்பி குழாய் மாதிரி தடிமனாகத் தெரிகிறது. 0.2 சரியாக இருக்குமா? அவ்வளவு சிறிய துளை போடும்போது டிரில் பிட் முறிந்துகொண்டே இருக்கிறது. துளை போடாமல் ஒட்டியவர்கள் யாராவது இருந்தால், எந்தப் பசை என்று சொல்லுங்கள். மரப்பகுதியை வண்ணமடித்த படம் இருந்தால் அதையும் போடுங்கள்.