மோட்டார்ஹோமில் மூன்று மாத ஐரோப்பா: கேஸுக்கு என்ன வழி?

நாலுசக்கர வீடு:
வணக்கம். நவம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் போகிறோம். ஜனவரியில் இத்தாலி வழியாக ஆல்ப்ஸ் ஏறி ஜெர்மனி, அப்படியே வீடு. இரண்டு பேர். வண்டியில் 6 கிலோ புரொப்பேன் சிலிண்டர் இரண்டு, கேஸ் அழுத்தத்தை 30 மில்லிபாராகக் குறைக்கும் ரெகுலேட்டர், கேஸில் மட்டும் ஓடும் ட்ரூமா காம்பி 4 ஹீட்டர், கேஸிலும் ஓடும் ஃப்ரிட்ஜ், மூன்று பர்னர் அடுப்பு. பாதி நாள்தான் கேம்ப்சைட் கரண்ட்.

பிரிட்டிஷ் சிலிண்டரை அங்கே மாற்ற முடியாது என்று தெரியும். மொத்தம் எத்தனை கிலோ ஆகும்? ஊருக்கு ஊர் வாங்குவதா, பெட்ரோல் பம்பில் எல்பிஜி நிரப்பிக்கொள்ளும் வகையைப் பொருத்துவதா? கடலடிச் சுரங்கமான யூரோடனலில் கேஸ் கொண்டுபோக வரம்பு உண்டா?

கணக்குப்புலி:
சமையலுக்கு நாளைக்கு 200 முதல் 250 கிராம் (பருப்புக்குக் குக்கர் கொண்டுபோங்கள், நன்றாகவே குறையும்). ஃப்ரிட்ஜ் 300 கிராம், குளிக்க வெந்நீர் 100 சொச்சம். ஆக, ஹீட்டர் போடாமலே ஒரு நாளைக்கு 650 கிராம். கேஸைத் தின்பது ஹீட்டர்தான். காம்பி 4 முழு வேகத்தில் மணிக்கு 320 கிராம், குறைந்த வேகத்தில் 160. தெற்கு ஸ்பெயினில் இரவுக்கு அரை கிலோ போதும். ஆல்ப்ஸில் நாளைக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்தால் அங்கே உங்களுடைய 12 கிலோ மூன்றே நாள்.

கரண்ட் இருக்கும் நாளிலும் ஹீட்டர் கேஸில்தான் ஓடும் என்பதால், 90 நாளுக்கு எப்படிக் கூட்டினாலும் 100 கிலோவைத் தாண்டும். ஐரோப்பாவில் பல நாடுகளில் மாற்றக்கூடிய கேம்பிங்கேஸ் 907-இல் இருப்பது 2.75 கிலோ. நாற்பது தடவை மாற்ற வேண்டும். அதுவும் குளிரில் சரியாக ஆவியாகாத பியூட்டேன், விலையும் அதிகம். அவசரத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. பிரான்ஸில் 13 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் கட்டி வாங்கலாம், ஆனால் வண்டியில் உள்ள சிலிண்டர் பெட்டிக்குள் அது நிற்குமா என்று அளந்து பாருங்கள். எல்லை தாண்டினால் மாற்றவும் முடியாது.

டனலில் கழற்றக்கூடிய சிலிண்டர் ஒன்று என்றால் 47 கிலோ வரை, பல என்றால் மொத்தம் 50. வண்டியோடு பொருத்திய டேங்க் 93 கிலோ வரை, 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. எல்பிஜியில் ஓடும் வண்டியைத்தான் ஏற்றமாட்டார்கள். உங்களுக்குச் சிக்கல் இல்லை.

வான்காரன் (ஜேர்மனி):
அண்ணை, அப்ப நிரப்பிற சிலிண்டர்தான் வழி. காஸ்லோ, அலுகாஸ் மாதிரி ஒண்டில 11 கிலோவும் 6 கிலோவும் போட்டு, நிரப்பிற வாயை வானின்ரை பக்கச் சுவரில வையுங்கோ. பெட்டிக்குள்ள வைச்சாலும் வேலை நடக்கும். ஆனால் இத்தாலியிலயும் இங்கயும் பெற்றோல் செட்டில நிக்கிற ஆள் சிலிண்டரைக் கண்டவுடன கையை விரிச்சிடுவார்.

சிலிண்டருக்குள்ள 80 சதவீதத்தில தானாகவே அடைக்கிற வால்வு கட்டாயம். சாதாரண மாற்றுச் சிலிண்டருக்கு அடப்டர் போட்டு நிரப்பிற ஆக்கள் இருக்கினம். அது வேண்டாம். வெயிலில திரவம் விரியேக்க மேல வெற்றிடம் இல்லாட்டி அழுத்தம் ஒரேயடியாக ஏறும். வால்வு ஒழுங்கோ எண்டு பம் மீட்டரே சொல்லும்: காலியான 11 கிலோ சிலிண்டருக்கு 21 லிட்டர் அளவில நிற்க வேணும், 6 கிலோவுக்கு 11, 12. அதைத் தாண்டி ஓடினால் பட்டனை விடுங்கோ.

பம் துப்பாக்கியின்ரை வாய் நாட்டுக்கு நாடு மாறும், அதுக்கேத்த அடப்டர் வேணும்: இங்கிலாந்திலயும் நெதர்லாந்திலயும் பயோனெட் வகை. பிரான்ஸ், இத்தாலி டிஷ். ஜேர்மனி, பெல்ஜியம் ஆக்மி. ஸ்பெயின் யூரோ. போர்த்துக்கலில டிஷ்ஷும் யூரோவும் கலந்து இருக்கும். கையால இறுக்கினால் காணும், ஸ்பானர் வேண்டாம். துப்பாக்கியைக் கழட்டேக்க ‘புஸ்’ எண்டு கொஞ்சம் பீச்சும், கையுறை இல்லாட்டி தோல் உறைஞ்சு போகும். எல்பிஜிக்குப் பலகையில பிரான்ஸ், இத்தாலி எண்டால் ஜிபிஎல், ஸ்பெயினில ஜிஎல்பி எண்டு இருக்கும். செட் தேட மைஎல்பிஜி.ஈயூ வரைபடம் நல்லது.

நாலுசக்கர வீடு:
மிக்க நன்றி. ஸ்பெயினிலேயே முழுசாக நிரப்பிக்கொண்டு ஆல்ப்ஸ் ஏறலாம் என்றிருந்தேன். சரிதானே?

பனிப்பாதை:
அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். பம்பில் வருவது சுத்தப் புரொப்பேன் இல்லை, பியூட்டேன் கலந்தது. வெப்பமான தெற்கு நாடுகளில் பியூட்டேன் பங்கு அதிகம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும், பியூட்டேனுக்குப் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடும். கலவையிலிருந்து புரொப்பேன்தான் முந்திக்கொண்டு ஆவியாகும். பாதி சிலிண்டர் தீரும்போது மிச்சத்தில் பெரும்பகுதி பியூட்டேனாகிவிடும். மைனஸ் 5-இல் விடிகாலை ஹீட்டர் பிழை காட்டி நிற்கும், அடுப்புச் சுடர் சுருங்கும். தானாக மாறும் ரெகுலேட்டரும் சிலிண்டர் காலி என்று நினைத்து அடுத்ததற்குத் தாவிவிடும். சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள், உள்ளே தளும்பும். காலி இல்லை, ஆவியாகத் தெம்பில்லை. அதற்காகச் சிலிண்டருக்குச் சூடு காட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

ஆகவே ஸ்பெயின் கேஸை இத்தாலிச் சமவெளிக்குள்ளேயே எரித்துத் தீர்த்துவிடுங்கள். 11 கிலோ சிலிண்டர் காலியாக மலையடிவாரம் சேர வேண்டும். குளிர்ப் பகுதியில் விற்கும் குளிர்காலக் கலவையில் புரொப்பேன் கூடுதலாக இருக்கும், அதை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். ஜெர்மனியில் நிற்கும்போது கடையில் விற்கும் 11 கிலோ புரொப்பேன் சிலிண்டரும் ஒரு வழி. சாம்பல் நிறம் சொந்தமாக வாங்குவது, சிவப்பு டெபாசிட்டுக்குத் தருவது. அதற்கு ஜெர்மன் மரையுள்ள ஹோஸ் வேண்டும்.

கணக்குப்புலி:
ஒன்று விட்டுப்போனது. பம்பு கேஸில் எண்ணெய்ப் பிசுக்கு வரும், நாளடைவில் அது ரெகுலேட்டருக்குள் இறங்கி அடைத்துவிடும். ரெகுலேட்டர் சிலிண்டர் வால்வை விட உயரத்தில் இருக்கட்டும், ஹோஸ் சிலிண்டர் பக்கமாகச் சரியட்டும், ரப்பருக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் போடுங்கள், நடுவே ஒரு ஃபில்டர். ஓட்டும்போதும் ஹீட்டர் வேண்டுமென்றால் மோதலில் கேஸை நிறுத்தும் சென்சார் உள்ள ரெகுலேட்டர் தேவை. ட்ரூமா மோனோகன்ட்ரோல் சிஎஸ், டுவோகன்ட்ரோல் சிஎஸ் இரண்டிலும் அது உண்டு. இணைப்பு ஒவ்வொன்றையும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். பெட்டியின் அடியில் உள்ள துவாரத்தை எந்தக் காரணத்துக்கும் மூடாதீர்கள், குளிர் காற்று வருகிறதென்று துணி அடைப்பவர்களும் இருக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் வெளியே போக அது ஒன்றுதான் வழி.